வானத்தை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கலாம்: ஸ்டெல்லேரியம் முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் வானம் பார்க்க ஆசைப்படுபவருக்கு இரண்டு தடைகள்: தெருவிளக்கு, மேகம். அல்சூர் பக்கம் மொட்டை மாடியில் ஏறி நின்றால் நல்ல இரவில்கூடக் கண்ணில் படுவது விரல் விட்டு எண்ணக்கூடிய நட்சத்திரங்கள்தான். ஜூனிலிருந்து அக்டோபர் வரை அதுவும் சந்தேகம். எங்கள் குடியிருப்பில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வானம் காட்டலாம் என்று ஆரம்பித்து, மேகம் விடாத மாலைகளில் மடிக்கணினியைத் திறந்து வைக்கும் பழக்கம் எனக்கு வந்தது. இப்போது மேகமில்லாத நாளிலும் முதலில் கணினியில் பார்த்துவிட்டுத்தான் மாடிக்குப் போகிறோம்.

அதற்கு நாங்கள் பயன்படுத்துவது ஸ்டெல்லேரியம். பிரான்ஸைச் சேர்ந்த ஃபேபியன் ஷெரோ 2000-ல் தொடங்கிய இலவச, திறமூல மென்பொருள் இது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வளர்த்து வருகிறார்கள். 2022 அக்டோபரில் இதன் 1.0 பதிப்பு வந்தது. ஓர் இடத்தையும் ஒரு தேதியையும் கொடுத்தால், அந்த இடத்தில் அந்த நொடியில் சூரியன், நிலா, கோள்கள், நட்சத்திரங்கள் எங்கே இருக்கும் என்று கணக்கிட்டு வானத்தை அப்படியே விரிக்கும். தேதி நேற்றாக இருக்கலாம், சங்க காலமாக இருக்கலாம், உங்கள் பேரன் பேத்திகளின் காலமாகவும் இருக்கலாம்.

பெரும்பாலானவர்கள் இதை நிறுவி, சனிக் கோளின் வளையத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, காலத்தை வேகமாக ஓட்டிச் சூரியன் சுற்றுவதை ரசித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அதில் தப்பில்லை, ஆனால் அத்தோடு நின்றுவிட்டால் நஷ்டம். நான் பிள்ளைகளிடம் வற்புறுத்துவது இரண்டே விஷயம். சாவியைத் தட்டும் முன் என்ன தெரியும் என்று ஊகித்துச் சொல்ல வேண்டும். எதிர்காலத்துக்குப் போகும் முன், நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பழைய நிகழ்ச்சியில் மென்பொருளைச் சோதித்துவிட வேண்டும். கீழே வருவதெல்லாம் அந்த வரிசையில்தான்.

நிறுவியதும் செய்ய வேண்டியவை

கைபேசிச் செயலி உண்டு, உலாவியிலேயே ஓடும் வடிவமும் உண்டு. ஆனால் இந்த வழிகாட்டியில் உள்ள வேலைக்குக் கணினிப் பதிப்புதான் வேண்டும். கிரகணப் பட்டியல் போன்ற வசதிகள் அதில்தான் முழுமையாக இருக்கின்றன.

திறந்தவுடன் தெரிவது பிரான்ஸில் உள்ள ஒரு கிராமத்துப் புல்வெளி. அழகுதான், ஆனால் அங்குள்ள மரங்கள் நம் அடிவானத்தை மறைக்கும். எஃப் 4 சாவியைத் தட்டி, நிலக்காட்சிப் பகுதிக்குப் போய், தடையில்லாத கடல் அடிவானத்தையோ வெறும் கிடைக்கோட்டையோ தேர்ந்தெடுங்கள். எழுவதையும் மறைவதையும் பார்க்கும் சோதனைகளுக்கு இது கட்டாயம்.

அடுத்து எஃப் 6. இடத்தைக் குறிக்கும் சாளரம் வரும். பெங்களூருக்கு அட்சரேகை வடக்கு 12.97 பாகை, தீர்க்கரேகை கிழக்கு 77.59 பாகை, கடல்மட்டத்திலிருந்து உயரம் சுமார் 920 மீட்டர். பட்டியலில் ஊர்ப்பெயரைத் தேடலாம், வரைபடத்தில் சொடுக்கலாம், எண்களை நேரடியாகவும் கொடுக்கலாம். அதே சாளரத்தில் நேர மண்டலம் இந்திய நேரம்தானா என்று ஒருமுறை சரிபாருங்கள். இணைய இணைப்பை வைத்து மென்பொருளே ஊரை ஊகிக்கும்போது சில சமயம் வேறு ஊர் விழுந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் இதையே வழக்கமான இடமாகச் சேமித்துவிடுங்கள்.

காலத்தை ஓட்டும் சாவிகள்

சாவிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம், இரண்டு மாலை விளையாடினால் விரலுக்கே தெரிந்துவிடும். எல் என்ற எழுத்து காலத்தை வேகப்படுத்தும், ஒவ்வொரு தட்டுக்கும் வேகம் கூடும். ஜே பின்னோக்கி இழுக்கும். கே சாதாரண வேகத்துக்குக் கொண்டுவரும். எண் 7 காலத்தை நிறுத்தும், எண் 8 இந்த நொடிக்கே திருப்பிக் கொண்டுவரும். சமக்குறி ஒரு நாள் முன்னே, கழித்தல் குறி ஒரு நாள் பின்னே. கன்ட்ரோல் சாவியோடு சேர்த்துத் தட்டினால் நாளுக்குப் பதிலாக ஒரு மணி நேரம் நகரும். குறிப்பிட்ட தேதிக்கு நேராகப் போக எஃப் 5.

ஒரு பொருளைத் தேட எஃப் 3. அதை நடுவில் கொண்டுவர இடைவெளிச் சாவி. ஏ தட்டினால் வளிமண்டலம் மறைந்து பகலிலும் நட்சத்திரம் தெரியும். ஜி தட்டினால் தரை மறையும், பூமிக்கு அடியில் சூரியன் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். அரைப்புள்ளி தலைக்கு மேல் வடக்கு தெற்காக ஓடும் உச்சிக்கோட்டைக் காட்டும். இந்த மூன்றும் பின்னால் நிறையத் தேவைப்படும்.

முதல் சோதனை: நிழல் இல்லாத நண்பகல்

கணினி சொல்வதை நம்பலாமா என்று தெரிந்துகொள்ள மொட்டை மாடியிலேயே ஒரு வழி இருக்கிறது. கடகரேகைக்குத் தெற்கே இருக்கும் ஊர்களில் ஆண்டுக்கு இரண்டு நாள் சூரியன் நேராக உச்சிக்கு வரும். நிமிர்த்தி வைத்த பொருளுக்குப் பக்கவாட்டில் நிழல் விழாது. பெங்களூருக்கும் சென்னைக்கும் அட்சரேகை ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் இரண்டு ஊருக்கும் ஏப்ரல் 24, 25 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் இது நடக்கும். மும்பையில் மே நடுவிலும் ஜூலைக் கடைசியிலும். டெல்லி கடகரேகைக்கு வடக்கே இருப்பதால் அங்கே ஒருபோதும் இல்லை.

எஃப் 5-ல் ஏப்ரல் 24, பகல் 12 மணி என்று கொடுங்கள். சூரியனைச் சொடுக்கினால் இடது மேல்மூலையில் அதன் விவரம் வரும். அதில் உயரம் என்ற எண்ணை மட்டும் பாருங்கள். நிமிடம் நிமிடமாக நகர்த்தினால் 12.17 வாக்கில் அது 90 பாகையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு வகுத்தது, பெங்களூர் அதற்கு மேற்கே இருக்கிறது. அதனால்தான் நம் உச்சிவேளை பன்னிரண்டு மணியைத் தாண்டி வருகிறது. பிறகு ஏப்ரல் வரும்போது மாடியில் ஒரு தண்ணீர் பாட்டிலை நிறுத்தி, திரையில் வந்த நிமிடத்தோடு ஒப்பிடுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு மென்பொருள் மேல் நம்பிக்கை வந்ததே இந்தப் பாட்டில் நிழலால்தான்.

பார்த்த கிரகணத்தை மறுபடி பார்ப்பது

2019 டிசம்பர் 26 வியாழக்கிழமை காலையில் வந்த சூரிய கிரகணம் பலருக்கு நினைவிருக்கும். கோவை, திண்டுக்கல் பகுதிகளில் கங்கண கிரகணம், அதாவது நிலாவைச் சுற்றிச் சூரியன் ஒரு வளையமாகத் தெரிவது. பெங்களூரில் பகுதிக் கிரகணம்தான், ஆனால் சூரியனில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு மறைந்தது. காலை 8.06-க்கு ஆரம்பித்து, ஒன்பதரை வாக்கில் உச்சத்தைத் தொட்டு, 11.10 வாக்கில் முடிந்தது.

எஃப் 10-ஐத் தட்டுங்கள். வானியல் கணிப்புகள் என்ற பெரிய சாளரம் திறக்கும். அதில் கிரகணங்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. உலகம் முழுவதற்குமான சூரிய கிரகணப் பட்டியல், உங்கள் ஊரில் தெரியும் சூரிய கிரகணங்கள் மட்டும், சந்திர கிரகணத்துக்கும் அதே போல இரண்டு, அப்புறம் புதனும் வெள்ளியும் சூரியனைக் கடப்பவை என்று தனித்தனியாக இருக்கும். உள்ளூர்ச் சூரிய கிரகணத்தைத் தேர்ந்தெடுத்து, 2019-லிருந்து கணக்கிடச் சொன்னால் வரிசையாக வரும். அந்த வரியை இரட்டைச் சொடுக்குச் செய்தால் திரை நேராக அந்த நேரத்துக்குப் போய்விடும். சூரியனைத் தேர்ந்தெடுத்து, இடைவெளிச் சாவி தட்டி நடுவில் வைத்து, பெரிதாக்கி, எல் சாவியால் மெதுவாக ஓட்டுங்கள்.

இப்போது காலத்தை நிறுத்திவிட்டு எஃப் 6-ல் கோயம்புத்தூருக்குப் போங்கள். அதே ஒன்பதரை மணி வாக்கில் பிறைக்குப் பதில் வளையம். இடத்தை நகர்த்துவதும் காலத்தை நகர்த்துவது போலவே ஒரு சோதனை என்பது இங்கேதான் புரியும். ஒரே கிரகணம், சில நூறு கிலோமீட்டரில் வேறொரு காட்சி.

சரி, இன்னும் பின்னே போகலாம். 1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை. கர்நாடகத்தின் குறுக்கே முழுச் சூரிய கிரகணம் போன நாள். அங்கோலா, ஹுப்ளி, ராய்ச்சூர் எல்லாம் அந்தப் பாதையில் இருந்தன. என் பெரியப்பா ரயில்வேயில் வேலை பார்த்ததால் அவர்கள் குடும்பம் அப்போது ஹுப்ளியில் குவார்ட்டர்ஸில் இருந்தது. பெரியம்மாவிடம் கேட்டேன். "யாரும் வெளியே போகக் கூடாதுன்னு கதவைச் சாத்தி வெச்சிருந்தோம் கண்ணு. கொல்லையில துணி காயுதேன்னு நான் மட்டும் ஓடினேன். சட்டுனு இருட்டிடுச்சு. தலைக்கு மேல ஒரே ஒரு நட்சத்திரம், அவ்வளவு பளிச்சுனு" என்றார்.

ஹுப்ளியை இடமாக வைத்து, அன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு மேல் மெதுவாக ஓட்டினோம். சூரியன் தென்மேற்கில், அடிவானத்துக்கும் உச்சிக்கும் பாதி உயரத்துக்குச் சற்றுக் கீழே. முழுவதும் மறைந்ததும் திரை இருண்டது. ஏறக்குறைய உச்சியில் ஒரே ஒரு பிரகாசமான புள்ளி. சொடுக்கினால் வெள்ளிக் கோள். பெரியம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். "இதேதான். நான் சொன்னப்ப உங்க பெரியப்பா நம்பவே இல்ல." இத்தனை வருஷம் கழித்து அவர் சொன்னது சரியென்று நிரூபணமாகிவிட்டது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். 1986-ல் வந்த ஹாலி வால்நட்சத்திரம், 1995 அக்டோபர் 24 தீபாவளிக் காலத்துக் கிரகணம், 2012 ஜூன் 6 காலையில் சூரியன் மேல் வெள்ளி ஒரு கரும்புள்ளியாக ஊர்ந்தது என ஏதோ ஒன்று அவர்களுக்கு நினைவிருக்கும். முதலில் அவர்கள் வாயால் சொல்ல வைத்து, எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் ஓட்டுங்கள். ஓட்டிக் காட்டிவிட்டுக் கேட்டால் திரையில் கண்டதும் நினைவில் கலந்துவிடும்.

கவிபுரத்துச் சூரியன்

பெங்களூரில் இருப்பவர்களுக்கு இன்னொரு அருமையான பயிற்சி கவிபுரத்தில் இருக்கும் கவி கங்காதரேசுவரர் குகைக் கோயில். மகர சங்கராந்தி அன்று, அதாவது நம் பொங்கல் நாள் மாலையில், சூரிய ஒளி நந்தியின் கொம்புகளுக்கு இடையே நுழைந்து உள்ளே லிங்கத்தின் மேல் விழும். ஊரே கூடிப் பார்க்கும் காட்சி.

ஜனவரி 14 மாலை 5 மணிக்கு மேல் திரையை வைத்துச் சூரியனைச் சொடுக்குங்கள். விவரத்தில் அதன் திசைக்கோணமும், வான நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே தள்ளியிருக்கிறது என்று சொல்லும் நடுவரை விலக்கமும் வரும். விலக்கம் தெற்கே சுமார் 21.3 பாகை. இப்போது பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்வி: இதே இடத்துக்குச் சூரியன் ஆண்டில் வேறு எந்த நாளில் வரும்? டிசம்பர் 21, 22-ல் சூரியன் தெற்குக் கோடியைத் தொட்டுத் திரும்புகிறது. திரும்பி 24 நாள் கழித்து ஜனவரி 14 என்றால், தொடுவதற்கு 24 நாள் முன்னே நவம்பர் 27. அந்தத் தேதிக்குப் போங்கள். கிட்டத்தட்ட அதே விலக்கம், அதே பாதை. அப்படியென்றால் அந்த மாலையிலும் ஒளி உள்ளே போக வேண்டுமே? போகிறது. பெங்களூர் நேரு கோளரங்கத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் நவம்பர் கடைசி வாக்கில் இரண்டாவது முறை ஒளி விழுவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அன்றைக்குக் கூட்டம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கணினியில் ஊகித்ததை நேரில் போய்ப் பார்த்துவர பஸ் டிக்கெட் செலவு போதும்.

பழைய காலத்துக்குப் போகும்போது ஏமாற்றும் இடங்கள்

சில நூற்றாண்டுகளைத் தாண்டிப் பின்னே போனால் நான்கு விஷயங்களில் கவனம் வேண்டும்.

நாள்காட்டி முதலாவது. 1582 அக்டோபருக்கு முந்தைய தேதிகளை ஸ்டெல்லேரியம் பழைய ஜூலியன் நாள்காட்டியில் காட்டும். நாம் பழகிய தேதிகளோடு அவை பொருந்தாது. மார்ச் 21-ல் சம இரவு நாள் வரும் என்று நினைத்து 1500-ஆம் ஆண்டில் தேடினால் அது மார்ச் 11 வாக்கில் இருக்கும்.

இரண்டாவது, சுழியாம் ஆண்டு. வரலாற்று நூல்களில் கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1. மென்பொருளில் நடுவே 0 என்ற ஆண்டு உண்டு. ஆகவே திரையில் 0 என்றால் கி.மு. 1, கழித்தல் 99 என்றால் கி.மு. 100.

மூன்றாவது, கடிகாரம். இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது 1906-ல்தான். அதற்கு முன் சென்னை நேரம், அதற்கும் முன் ஒவ்வொரு ஊருக்கும் அதனதன் உள்ளூர் நேரம். 1868 ஆகஸ்ட் 18 முழுக் கிரகணத்தைக் குண்டூரிலிருந்து பார்த்தால், பிரெஞ்சு வானியலாளர் பியர் ஜான்சென் அங்கே ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நிறமாலைமானியோடு காத்திருந்த காலை வேளை திரையில் அப்படியே வரும். அந்த ஆண்டில் சூரியனின் நிறமாலையில் கண்ட மஞ்சள் கோடுதான் ஹீலியம் என்ற தனிமத்தை அடையாளம் காட்டியது. ஆனால் பழைய குறிப்புகளில் உள்ள மணியும் திரையில் உள்ள மணியும் சில நிமிடங்கள் முன்பின்னாக இருந்தால் பதறாதீர்கள். பழைய காலத்துக்கு நான் கடிகாரத்தைப் பார்ப்பதே இல்லை. நள்ளிரவு வேண்டுமானால் ஜி தட்டித் தரையை மறைத்து, சூரியன் காலடியில் உச்சிக்கோட்டைத் தொடும் நொடியை எடுத்துக்கொள்வேன். சூரியனே கடிகாரம்.

நான்காவது கொஞ்சம் ஆழமானது. பூமியின் சுழற்சி மிக மெதுவாகக் குறைந்துகொண்டே வருகிறது. நாளின் நீளத்தில் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு சேரும் துளித்துளியான வித்தியாசம் கி.பி. 100 அளவில் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஆகிவிடுகிறது. மென்பொருள் இதற்கான திருத்தத்தைச் சேர்த்தே கணக்கிடுகிறது. ஆனால் அந்தத் திருத்தம் பழைய கிரகணப் பதிவுகளிலிருந்து கணித்த ஒரு மதிப்பீடு. நட்சத்திரம் எழுவதற்கும் மறைவதற்கும் இதனால் பாதகமில்லை. கிரகணப் பாதை மட்டும் கிழக்கு மேற்காக நகரக்கூடும். ஆகவே சங்க காலத்தில் மதுரையில் முழுக் கிரகணம் தெரிந்ததா என்ற கேள்விக்குத் திரை ஆமாம் என்று சொன்னாலும் அதைச் சத்தியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கூடலூர் கிழார் பார்த்த நள்ளிரவு

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இது. புறநானூற்றில் 229-ஆம் பாட்டு. கோச்சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்தபோது கூடலூர் கிழார் பாடியது. பங்குனியின் முற்பாதியில், இருள் செறிந்த ஒரு நள்ளிரவில் வானத்திலிருந்து ஒரு மீன் எரிந்து விழுகிறது. அரசனுக்கு என்ன ஆகுமோ என்று புலவர்கள் கலங்குகிறார்கள். ஏழாம் நாள் அவன் இறந்துபோகிறான். எரிமீன் விழுந்தபோது வானத்தில் எந்த நட்சத்திரம் எங்கே இருந்தது என்பதையும் புலவர் பாட்டிலேயே வைத்திருக்கிறார். பழைய உரை அதை இப்படி விளக்குகிறது: உச்சியில் இருந்த உத்தரம் சாய்கிறது, அதிலிருந்து எட்டாவதான மூலம் எதிரே எழுகிறது, உத்தரத்துக்கு முந்திய எட்டாவதான மிருகசீரிடம் மறைகிறது.

மூன்றும் ஒரே நேரத்தில் நடக்குமா? பிள்ளைகளிடம் முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள். அப்புறம் எஃப் 6-ல் சேரர் ஊரான கரூர், வடக்கு 10.96, கிழக்கு 78.08. எஃப் 5-ல் ஆண்டு 100, பிப்ரவரி 22. அன்றைக்கு இருந்த நாள்காட்டிப்படி பங்குனியின் தொடக்கம் பிப்ரவரியின் பிற்பகுதியில்தான் விழும். உச்சிக்கோட்டைப் போட்டுக்கொண்டு, நள்ளிரவுக்கு ஒரு மணி நேரம் முன்னிருந்து மெதுவாக ஓட்டுங்கள்.

எஃப் 3-ல் தேட வேண்டிய பெயர்கள்: உத்தரத்துக்கு டெனபோலா, சிம்மத்தின் வாலில் இருப்பது. மூலத்துக்கு ஷௌலா, விருச்சிகத்தின் கொடுக்கு. மிருகசீரிடத்துக்கு மெய்சா, வேட்டைக்காரனான ஓரியனின் தலை.

தலைக்கு மேலே சற்று வடக்காக உத்தரம் உச்சிக்கோட்டை நெருங்கும். தென்கிழக்கைப் பாருங்கள், கொடுக்கு கடலிலிருந்து தலை நீட்டும். உடனே மேற்கே திரும்புங்கள், ஓரியனின் தலை அதே சில நிமிடங்களில் அடிவானத்தைத் தொட்டு மூழ்கும். இன்னும் சிறிது நேரம் ஓட்டினால் உத்தரம் கோட்டைத் தாண்டி மேற்கே சாயத் தொடங்கும். ஜி தட்டி அடியில் பார்த்தால் சூரியனும் காலடிக்குப் பக்கத்தில், நள்ளிரவை ஒட்டியே இருக்கும். பாட்டில் சொன்ன மாதம், வேளை, மூன்று நட்சத்திரங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கின்றன. வானத்தைத் தினமும் பார்த்துப் பழகாத ஒருவரால் இப்படிப் பாடியிருக்க முடியாது. முதல்முறை இது திரையில் கூடி வந்தபோது நான் அப்படியே எழுந்து நின்றுவிட்டேன்.

இதை வைத்து அந்த அரசனின் ஆண்டைக் கண்டுபிடித்துவிடலாம் என்று சிலருக்குத் தோன்றும். ஆண்டை 300 என்று மாற்றிப் பாருங்கள். தேதியைச் சில நாள் நகர்த்தினால் அதே காட்சி மறுபடியும் வரும். இந்த அமைப்பு ஒவ்வொரு ஆண்டும் பங்குனியில் வருவது, பல நூற்றாண்டுகளுக்குப் பெரிதாக மாறாதது. ஆண்டு 100 என்பது வசதிக்காக நான் எடுத்துக்கொண்டது மட்டும்தான். அப்புறம் எரிந்து விழுந்த அந்த மீன் எந்த ஆண்டைக் கொடுத்தாலும் திரையில் வராது. அது ஒருமுறை வந்து தீர்ந்துபோனது, சுற்றுப்பாதையில் திரும்பி வருவதல்ல.

இனி வரப்போகிறவை

இத்தனை சோதனைக்குப் பிறகு எதிர்காலத்துக்குப் போகலாம். அதே எஃப் 10 சாளரத்தில் ஆண்டை மாற்றினால் போதும். நாட்குறிப்பில் இப்போதே குறித்துக்கொள்ள வேண்டியவை சில.

2028 டிசம்பர் 31, ஞாயிறு. புத்தாண்டு இரவு பிரிகேட் ரோட்டில் கூட்டம் சேரும் நேரத்தில் முழுச் சந்திர கிரகணம். இந்திய நேரம் இரவு 10.22 வாக்கில் உச்சம், முழு மறைப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல். நிலா நல்ல உயரத்தில் இருக்கும், பெங்களூரின் கட்டடங்கள் மறைக்காது, ஜனவரியை ஒட்டிய வானம் பெரும்பாலும் தெளிவு. வெறுங்கண்ணால் தாராளமாகப் பார்க்கலாம்.

2031 மே 21, புதன். தமிழ்நாட்டுக்கு மறுபடியும் கங்கண கிரகணம். கொச்சி, தேனி, மதுரை, காரைக்குடி வழியாகப் பாதை போகிறது, நேரம் பகல் ஒரு மணி வாக்கு. முதலில் பெங்களூரை வைத்து ஓட்டுங்கள், பெரிய பகுதிக் கிரகணம் வரும். பிறகு மதுரைக்கு மாற்றுங்கள். சூரியன் உச்சிக்கு மிக அருகில் இருப்பதால் வளையத்தைப் பார்க்கக் கழுத்தை முழுக்க நிமிர்த்த வேண்டும் என்பது திரையிலேயே தெரிந்துவிடும். இதைத் தெரிந்துகொண்டால் எந்த மாடி, எந்த மைதானம் என்ற கவலை இல்லை, கூரையில்லாத எந்த இடமும் சரி. நிஜ நாளில் சூரியனைப் பார்ப்பதற்கென்றே செய்த ஐ.எஸ்.ஓ. 12312-2 தரக் கண்ணாடி இல்லாமல் நொடிகூடப் பார்க்கக் கூடாது. கங்கணத்தில் சூரியன் முழுசாக மறைவதே இல்லை, ஆகவே கண்ணாடியைக் கழற்றும் தருணம் என்று ஒன்று கிடையாது.

2034 மார்ச் 20-ல் லடாக் பகுதியில் முழுச் சூரிய கிரகணம். டெல்லியில் இருப்பவர்கள் பயணத் திட்டத்துக்கு இப்போதே லே, கார்கில் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து ஓட்டிப் பார்க்கலாம். மலைகளை இந்த மென்பொருள் காட்டாது என்பதால் சூரியனின் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஹாலி வால்நட்சத்திரம் 2061 ஜூலைக் கடைசியில் மறுபடியும் சூரியனை நெருங்கும். வியாழனும் சனியும் 2020 டிசம்பர் 21-ல் ஒட்டி நின்றது போல இன்னொரு நெருக்கம் 2080 மார்ச்சில். சூரியனை வெள்ளி அடுத்துக் கடப்பது 2117 டிசம்பரில். இவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது அவரவர் வயதைக் கணக்குப் போட்டுக் கூச்சல் போடுவார்கள், போடட்டும். இன்னும் தூரம் போக ஆசையிருந்தால் ஆண்டை 14000 என்று கொடுத்து வடக்கே பாருங்கள், துருவ நட்சத்திரத்தின் இடத்துக்குப் பக்கத்தில் வேகா நிற்கும்.

எதை நம்பக் கூடாது

கிரகணம், கோள்களின் நெருக்கம், நட்சத்திரம் எழும் நேரம் இவையெல்லாம் ஈர்ப்பு விதிப்படி கட்டுப்பட்டவை, நம் வாழ்நாள் கணக்கில் நிமிடத்துக்குத் தவறாது. வால்நட்சத்திரம் அப்படி அல்ல. சூரியனை நெருங்கும்போது வெளியேறும் வாயு அதன் பாதையையே கொஞ்சம் தள்ளிவிடும், பிரகாசமோ கடைசி வாரத்தில்கூட ஏமாற்றும். ஹாலிக்கு இடத்தை நம்புங்கள், திரையில் தெரியும் வாலின் அழகை நம்பாதீர்கள். மற்ற வால்நட்சத்திரங்களுக்குப் பாதைத் தரவுகளை அவ்வப்போது இணையத்திலிருந்து புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

செயற்கைக்கோள்களுக்கு ஆயுள் இன்னும் குறைவு. சர்வதேச விண்வெளி நிலையம் மாடிக்கு மேலே எப்போது போகும் என்று மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் செயற்கைக்கோள் செருகுநிரல் காட்டும். ஆனால் அது தரவு இறக்கிய நாளிலிருந்து சில நாட்களுக்குத்தான் செல்லும். வளிமண்டல உராய்வும், நிலையத்தை அவ்வப்போது மேலே தள்ளுவதும் கணக்கை மாற்றிவிடும். அடுத்த மாதப் பிறந்தநாள் விழாவில் விண்வெளி நிலையம் காட்டுகிறேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். விழாவுக்கு முதல் நாள் இரவு தரவைப் புதுப்பித்துவிட்டு, அதற்குப் பிறகு சொல்லுங்கள்.